யானைச் செய்திக்கு எழுதிய சோதனைகள்

எல்லாச் சோதனையும் பாஸ் என்று வந்துவிட்டால் யானை ஒருவரையும் அடிக்காது என்று நம்பினேன். தலை நரைத்த பிறகு நம்பியது இது.

கிளிநொச்சியில் ஒரு சின்ன மென்பொருள் நிறுவனத்தில் வேலை. யானை காட்டோரக் கம்பி வேலியைத் தாண்டினால் வயற்காரரின் போனுக்குச் செய்தி போக வேண்டும். அது ஒழுங்காகப் போகிறதா என்று சோதனைகள் எழுதுவது என் பொறுப்பு. நிலைமை என்ன, நடப்பது என்ன, வர வேண்டியது என்ன என்று ஒவ்வொன்றையும் பிரித்து எழுத வேண்டும்.

ஒட்டுசுட்டானில் அக்காவின் கணவர் காட்டை ஒட்டி வயல் செய்தார். செய்தி போகிற நம்பர்களில் அவருடையதும் இருந்தது. அதை நினைக்க நினைக்கச் சோதனைகளும் கூடின. யானை பின்பக்கமாக நடந்து வந்தால்? கம்பியில் முதுகு சொறிந்துகொண்டு நின்றால்? பல்லில்லாத கிழட்டு யானை வந்தால்? எங்கள் மேலாளர், என்னைவிட இளைய பெண், அதை வாசித்துவிட்டு நிமிர்ந்தார்.

"அண்ணை, ஆனைக்குப் பல்லுக் கட்டுறதும் எங்கட வேலையோ?"

அத்தானுக்கு ஒரு சோதனைச் செய்தி அனுப்பினேன். பதில் இல்லை. அழைத்தேன், எடுக்கவில்லை. மனதுக்குள் செத்தவீடே நடத்தி முடித்து, பஸ் ஏறிப் போய் இறங்கினால், மனிதர் வயல் வரம்பில் உட்கார்ந்து வெற்றிலை போடுகிறார்.

"போன் எங்க அத்தான்?"

பாலை மரத்தைக் காட்டினார். கொப்பில் ஒரு சொப்பிங் பைக்குள் தொங்கியது.

"அந்தக் கொப்பிலதான் சிக்னல் பிடிக்கும். இஞ்ச எல்லாரும் அப்பிடித்தான்."

"அப்ப ஆனை வந்தா?"

"நீ மரத்துக்குச் சொல்லு மச்சான். மரம் எனக்குச் சொல்லும்."

இருவரும் சிரித்தோம். திரும்பி வந்து அதையும் எழுதினேன். நிலைமை: போன் மரத்தில் தொங்குகிறது. நடப்பது: யானை கம்பியைத் தாண்டுகிறது. வர வேண்டியது: போனுக்குச் செய்தி. அனுப்பிப் பார்த்தோம், போனது. பாஸ் போட்டேன். அன்றைக்குத்தான் வயிறாரச் சாப்பிட்டேன்.

கதிர் பால் பிடிக்கிற காலம். பொழுது சாயும் நேரம் யானை கம்பியைத் தாண்டியது. அத்தான் மடை அடைக்க வாய்க்காலுக்குப் போயிருந்தார்.

செத்தவீட்டில் அக்கா என்னைத்தான் கேட்டார்.

"தம்பி, உங்கட செய்தி வரேல்லையோ?"

"வந்தது அக்கா."

செய்தி உடனே வந்தது. போன் மரத்தில் இருந்தது. அத்தானை யானை வாய்க்கால் கரையில் அடித்தது. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் உயிர் போய்விட்டது.