சேவலைச் சுற்றிய கறுப்பு

லண்டன் தோர்ண்டன் ஹீத்தில் ஒரு வீட்டின் முன்னறை. யாழ்ப்பாணத்துச் சரோஜா அக்கா மரச்சட்டத்தில் சாக்குத் துணியை இழுத்துக் கட்டியிருக்கிறார். பழைய கம்பளி உடுப்புகளை நாடா நாடாவாக வெட்டி, கொக்கி ஊசியால் சாக்கின் அடியிலிருந்து சின்னச் சின்ன வளையங்களாக மேலே இழுக்கிறார். உருவாகும் தரைவிரிப்பின் நடுவில் மங்கிய செங்கல் நிறச் சேவல். சுற்றிலும் கறுப்பு. ஒரு மூலை மட்டும் இன்னும் வெறும் சாக்கு.

உற்றுப் பார்த்தால் அது ஒரு கறுப்பு இல்லை. மகளின் பள்ளிப் பாவாடையின் கருநீலம், கணவரின் தேய்ந்த கால்சட்டைச் சாம்பல், யாரோ வெள்ளைக்காரியின் காப்பிக்கொட்டை நிறக் கோட்டு எல்லாம் சேவலின் உடம்பைத் தொடர்ந்து அலையலையாக ஓடுகின்றன. கண் எடுக்க முடியவில்லை.

"ஒரே கறுப்பா கடையில வாங்கிடலாமே?" என்கிறேன்.

"அது சரிவராது தம்பி. அப்பிடிச் செய்தால் சேவல் வெட்டி ஒட்டின படம் மாதிரிக் கிடக்கும். பழங்கறுப்புகள் கலந்தால்தான் அதுக்கு உயிர் வரும்."

"அப்போ அந்த மூலைக்கு?"

நாற்காலியில் நான் கழற்றிப் போட்ட கறுப்புக் கோட்டைத் தடவிப் பார்க்கிறார். "நல்ல கம்பளி. மெட்ராசுக்கு எப்ப போறியள்?"

"நாளைக்கு."

"அங்கை இது உங்களுக்கு என்னத்துக்கு?"

பஸ் நிறுத்தத்தில் வெறும் சட்டையோடு நடுங்குகிறேன். கோட்டு, இங்கே வேலை பார்க்கும் என் மச்சானுடையது. அவனிடம் என்ன சொல்வது என்று யோசிக்க வேண்டும். அந்த மூலை எப்படி வரும் என்றுதான் யோசிக்கிறேன்.