எல்.டி. இல்லாத காசிம்

மொரப்பூரிலிருந்து வந்த தபால் கார்டில் நான்கு வரிகள்தாம் இருந்தன. சையத் காசிம் மூன்று நாள் காய்ச்சலில் இறந்துவிட்டார், வெள்ளிக்கிழமை தொழுகைக்குப் பின் அடக்கம் செய்துவிட்டோம் என்று அவருடைய தம்பி எழுதியிருந்தார். விலாசத்தில் என் பெயருக்குப் பின்னால் மறக்காமல் 'பி.ஏ., எல்.டி.' என்று போட்டிருந்தார். அதைப் படித்தபோது கூசியது.

காசிமிடம் படித்த உங்களில் பலர் இன்று தர்மபுரியிலும் சேலத்திலும் நல்ல நிலையில் இருக்கிறீர்கள். அவர் ஏன் திடீரென்று பள்ளிக்கூடத்தை விட்டுப் போனார் என்று என்னிடம் கேட்டிருக்கிறீர்கள். நான் ஏதேதோ சொல்லி மழுப்பியிருக்கிறேன்.

அந்தக் காலத்தில் ஹைஸ்கூலில் விஞ்ஞானம் நடத்தப் பட்டம் மட்டும் போதாது. பயிற்சிக் கல்லூரியில் மேலும் ஒரு வருஷம் படித்து எல்.டி. வாங்க வேண்டும். பின்னால் அதற்கே பி.டி. என்று பெயர் வந்தது. காசிம் ரசாயனத்தில் பி.ஏ. தேறியவர், எல்.டி. இல்லை. 'பயிற்சி பெற்றவர் கிடைக்கும்வரை' என்று எழுதி ஒவ்வொரு வருஷமும் ஜூனில் எடுப்பார்கள், ஏப்ரலில் நிறுத்துவார்கள். ஓர் உதாரணம் சொல்கிறேன். மோட்டார் ஓட்டுகிறவனிடம் லைசென்ஸ் கேட்பது நியாயம். ஆனால் லைசென்ஸ் உள்ளவனைப் பக்கத்தில் உட்கார்த்திவிட்டு, இல்லாதவனை ஏழு வருஷம் ஓட்ட விட்டால் அதற்கு என்ன பெயர்? பக்கத்தில் உட்கார்ந்தவன் நான்.

அவர் அத்தா என்று கூப்பிடும் அப்பா, தர்மபுரிக் கடைத்தெருவில் பாத்திரங்களுக்கு ஈயம் பூசுகிறவர். ஒரு திடப்பொருள் உருகாமலே ஆவியாகும் என்ற பாடத்துக்கு, அத்தாவின் பட்டறையிலிருந்து கரி அடுப்பும், ஈயம் பற்றுவதற்குத் தூவும் நவச்சாரமும் எடுத்து வந்தார் காசிம். "புஸ்தகத்த மூடுங்க. என்ன தெரியுதுன்னு மொதல்ல சொல்லுங்க, பேரு அப்பறம் வெச்சிக்கலாம்" என்றார். நவச்சாரத்தைச் சட்டியில் போட்டுச் சூடாக்கினார். வெள்ளைப் புகை எழுந்து, மேலே பிடித்த மூடியில் படிந்ததும் மாரண்டஹள்ளிப் பையன் ஒருவன், "பேய் சார்" என்றான்.

"பேய் போயி மூடியில ஒட்டிக்குமாடா? சொரண்டிப் பாரு."

சுரண்டியபோது விரலில் மறுபடியும் நவச்சாரம். அடுத்த அறையில் சரித்திரம் நடத்திக்கொண்டிருந்த நான், என் வகுப்பை விட்டுவிட்டு வாசலில் நின்று பார்த்தேன்.

இன்ஸ்பெக்டர் வரும் நாளில் எங்கள் பள்ளியில் ஒரு வழக்கம் உண்டு. பயிற்சி இல்லாதவர்கள் லைப்ரரிக்குள் போய் உட்கார்ந்துகொள்வார்கள். கால அட்டவணையிலும் அவர்கள் வகுப்புக்கு நேரே பயிற்சி பெற்றவர் பெயர்தான் இருக்கும்.

"நாலாம் பாரம் சயின்ஸ நீங்க எடுத்துருங்க" என்றார் ஹெட்மாஸ்டர்.

"எனக்கு அசோகரைத்தானுங்க தெரியும்."

"அவரையும் கொஞ்சம் சூடு பண்ணிக் காட்டுங்க" என்று சிரித்தார்.

இன்ஸ்பெக்டர் வருவதற்கு முதல் நாள் பிற்பகல் காசிமே எனக்கு அந்தப் பாடத்தைச் சொல்லித் தந்தார். "கரிய ரொம்ப ஊதாதீங்க சார். இன்ஸ்பெக்டர் இருமிக்கிட்டே எந்திரிச்சுப் போயிட்டா, நம்ம ரெண்டு பேரு வேலையும் போயிரும்."

இன்ஸ்பெக்டர் எழுந்து போகவில்லை. அவர் கேட்ட கேள்விக்கெல்லாம் பையன்கள் பதில் சொன்னார்கள். அவர் மகிழ்ந்துபோய், "எத்தனை வருஷமாக இந்த வகுப்பை எடுக்கிறீர்கள்?" என்று கேட்டார். நான், "ஏழு வருஷமா எடுக்கறேனுங்க" என்றேன். அறிக்கையில் அதுவும் ஏறியது.

சில மாதங்களில் காசிம் பயிற்சிக் கல்லூரிக்கு மனுப் போட்டார். ஹைஸ்கூலில் விஞ்ஞானம் நடத்தியதாகத் தலைமை ஆசிரியர் சான்று தந்தால் இடம் உண்டு என்று பதில் வந்தது. அவ்வளவு சந்தோஷமாக அவரை நான் பார்த்ததில்லை. என்னையும் அழைத்துக்கொண்டு ஹெட்மாஸ்டர் அறைக்குப் போனார்.

ஹெட்மாஸ்டர் அறிக்கையை எடுத்து முன்னால் வைத்தார். "ஏழு வருஷமா சார்தான் நடத்தறாருன்னு இதுல இருக்குது. நான் எப்படிங்க மாத்தி எழுதறது? நாளைக்கு யாராவது கேட்டா, அன்னிக்குச் சொன்னது பொய்யான்னு ஆயிடுமே?"

காசிம் என்னைப் பார்த்தார். ஒரு வாக்கியம் போதும். எனக்கு ஓய்வுக்கு மூன்று வருஷம் இருந்தது. நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். அடுத்த ஜூனில் பயிற்சி பெற்றவர் ஒருவர் கிடைத்துவிட்டார். காசிமை அழைக்கவில்லை.

ஓய்வு பெற்ற பிறகு அவரை மொரப்பூர் ஸ்டேஷனில் பார்த்தேன். அத்தாவின் தொழிலையே எடுத்துக்கொண்டு மொரப்பூரில் குடியேறியிருந்தார். துருத்தியைச் சாக்கில் சுற்றிப் பக்கத்தில் வைத்திருந்தார்.

"நடந்ததை அப்படியே எழுதிக் கொடுக்கிறேன், காசிம்" என்றேன்.

"எனக்கு நாப்பது தாண்டிருச்சு சார். இனிமே என்ன எந்தக் காலேஜுல சேத்துக்குவாங்க? எழுதுனா உங்களுக்குத்தான் நல்லாத் தூக்கம் வரும்." பிறகு துருத்தியை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, "வூட்டுல பாத்திரம் இருந்தா சொல்லியனுப்புங்க, வந்து பூசித் தர்றேன்" என்றார். அதில் குத்தல் இருந்ததா, அன்பு இருந்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

அவர் சொன்னதையே சாக்காக வைத்துக்கொண்டு நான் எழுதாமல் இருந்துவிட்டேன். போனவர்களின் ஞாபகமாகப் பேனாவோ கடிகாரமோ வைத்துக்கொள்வார்கள். என்னிடம் காசிமின் ஏழு வருஷங்கள் இருக்கின்றன. அவர் கேட்டபோது நான் தரவில்லை. இப்போது வாங்கிக்கொள்ள அவர் இல்லை.