ஹட்டன்ல ராக் பாட்டு வித்தவன்

எந்தத் தொழிலுக்கும் நாலு கிராக்கி வேணும். தேயிலை மலைக்கு நடுவுல இருக்கிற ஹட்டன்ல பழைய இங்கிலீஷ் ராக் பாட்டு விக்கிறவனுக்குப் பொறுமை மட்டும் இருந்தாப் போதும், வேற ஒண்ணும் வந்து சேராது. ஊருக்கு வேண்டாத சாமானைப் பிடிவாதமா விக்கிற ஆளா நீங்களும் இருந்தா, இப்படிப் பக்கத்துல வந்து உக்காருங்க.

போன தீபாவளிக்கு எங்க வீட்டம்மா புஷ்பா முடிவாச் சொல்லிட்டா. ஒரு ஆல்பத்தை முதல் பாட்டுலருந்து கடைசிப் பாட்டு வரைக்கும் உக்காந்து கேக்கிற ஒரே ஒரு ஆளைத் தைப்பொங்கலுக்குள்ள காட்டணும். காட்டாட்டி, அவ தம்பி கேக்கிற மாதிரி என் கடையைப் போன் கவர் கடையா மாத்திடணும். நானும் ரோசத்துல சரின்னு வாயைக் குடுத்து மாட்டிக்கிட்டேன்.

வாயே திறக்கல

ஆட்டோ ஓட்டுற ரவி பென் டிரைவை நீட்டி, "நல்லதா ஏத்திக் குடுங்கண்ணே"ன்னான். புதுசாக் கேக்கிறவங்களுக்கு நான் சிபாரிசு பண்றது எப்பவும் ஒரே ஆல்பந்தான். முதல் பாட்டு வெறும் கிதார்ல மெதுவாத் தொடங்கும், அப்புறம் படிப்படியா ஏறும், அவசரப்பட்டாப் பிடிபடாது. இதையெல்லாம் விளக்கிச் சொல்லித்தான் ஏத்திக் குடுத்தேன். மறுநாளே வந்து நின்னான். முகத்துல கோவம் கூட இல்ல, என்னைப் பார்த்துப் பரிதாபம்.

"அண்ணே, ஆஸ்பத்திரிகிட்ட ஏறின அக்காவை எஸ்டேட் லயத்து வாசல்ல கொண்டுபோய் இறக்கியும் விட்டுட்டேன், உங்க பாட்டுக்காரன் இன்னும் வாயே திறக்கல."

அளவு நாடா

பழைய தொரை பங்களா ஒண்ணை ஹோட்டல் ஆக்கியிருக்காங்க. அதோட மேனேஜர் அளவு நாடாவோட வந்து, பன்னிரண்டு ரெக்கோட் வேணும்னாரு. எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. மேடைக் கச்சேரியில பதிஞ்சது ஒண்ணு, டிரம்ஸுக்காகவே கேக்க வேண்டியது ஒண்ணு, மழை நாளைக்குன்னே ஒண்ணு. எதுக்கப்புறம் எதைக் கேக்கணும்னு வரிசை வேற சொன்னேன். அவரு தட்டை வெளிய எடுக்கவே இல்ல. உறையைத்தான் நாடா வச்சு அளந்தாரு. செவத்துல ஆணியடிச்சு மாட்டப் போறாராம். மனசில்லாமத்தான் பன்னிரண்டையும் குடுத்தேன்.

"என்ன பாட்டா இருந்தாலும் பரவாயில்லங்க, செவப்பு மட்டும் வேணாம், எங்க சோபா செவப்பு."

கந்தப்பளை ரசிகர்

ஆல்பம் போகாட்டி அதைச் சேர்ந்ததாவது போகட்டும்னு பாடகருங்க எழுதின சுயசரிதை, கச்சேரி டிவிடி, டீசேர்ட் எல்லாம் வரவழைச்சேன். புத்தகத்தை ஈ கூட சீண்டல. ஆனா கந்தப்பளையிலருந்து ஒரு பெரியவர் வந்து, மண்டையோடு போட்ட கறுப்பு டீசேர்ட் ஒண்ணைத் தேடி எடுத்துக்கிட்டுப் போனாரு. அடடா, இந்த வயசுல மனுசனுக்கு என்ன ரசனை! பொங்கலுக்குள்ள காட்ட வேண்டிய ஆளு கிடைச்சிட்டாருன்னு புஷ்பாகிட்ட பீத்திக்கிட்டேன். அடுத்த வாரம் திரும்ப வந்தாரு. இருக்கிறதுலயே நல்ல ஆல்பத்தை எடுத்துக் கையில குடுத்தேன். ரெண்டு பக்கமும் பார்த்துட்டு மேசையில வச்சுட்டாரு.

"இது வேணாந் தம்பி, அந்தச் சட்டையில இன்னும் ரெண்டு குடுங்க, முட்டைக்கோவாத் தோட்டத்துக் காவல் பொம்மைக்கு மாட்டினதுலருந்து காட்டுப்பன்னி அந்தப் பக்கமே எட்டிப் பாக்கல."

அந்தப் பக்கம்

பொங்கலுக்கு ரெண்டு நாள் இருக்கும்போதே மச்சான் கவர் பெட்டியெல்லாம் கொண்டாந்து அடுக்கிட்டான். ஒரு வார்த்தை கேக்கல. எனக்கு வந்த ஆத்திரத்துல, கடையில இருக்கிறதுலயே சத்தமான ரெக்கோட்டைப் போட்டேன். மூடுறதுன்னா சத்தம் போட்டே மூடுவோம்.

அப்பத்தான் தோட்டத்துல தேயிலைக் கொழுந்தெடுக்கிற செல்வமணியக்கா போனுக்குக் கவர் கேட்டு வந்தாங்க. எடுத்துக் குடுத்தேன். வாங்கிக்கிட்டவங்க போகல, முக்காலியை இழுத்துப் போட்டு உக்காந்தாங்க. ஒரு பக்கம் முடிஞ்சதும், "அந்தப் பக்கத்துலயும் இருக்குங்களா?"ன்னாங்க. அவசரமாத் திருப்பிப் போட்டேன். ஓடிப்போய்ப் புஷ்பாவைக் கூட்டியாந்தேன். அவ வாசல்லயே நின்னு கடைசிப் பாட்டு முடியிற வரைக்கும் பார்த்தா. பார்த்துட்டு, சொன்ன சொல் மாறாம, தம்பியைப் பெட்டியைத் தூக்கச் சொல்லிட்டா. எனக்குத் தலைகால் புரியல. செல்வமணியக்காகிட்டப் பாட்டு புரிஞ்சுதான்னு கேட்டேன்.

"வார்த்தை ஒண்ணும் புரியலீங்க, ஆனா தனக்குச் சேர வேண்டியதைக் கேட்டுத்தான் கத்துறாருன்னு தெரியுது, கொழுந்து நிறுக்கிற இடத்துல நாங்க இப்படிக் கத்துனா, அன்னைக்கு முழுநாள் வேலைக்கும் அரைநாள் பேரு போட்டுப் பாதிச் சம்பளந்தான் தருவாங்க."

கடை பிழைச்சிருச்சுங்க, ஆனா அந்தப் பாட்டைச் சரியாப் புரிஞ்சுக்கிட்ட ஒரே ஆளுக்குக் கத்த ஒரு இடமில்லன்னு தெரிஞ்சதுக்கப்புறம், நான் என்னத்தை ஜெயிச்சேன்னு நீங்களே சொல்லுங்க.