மாத்திரை போடாத நாட்கள்

198-க்கு 110. சமோவாவின் சவாயீ தீவில், கடலோர மருத்துவமனை ஒன்றில், அறுபத்தேழு வயது செயுமானுவின் சீட்டில் எழுதப்பட்ட ரத்த அழுத்தம் அது. முப்பது வருடமாக அவர்தான் ஊரின் பேச்சுத் தலைவர். கல்யாணமோ சாவோ, கோலை ஊன்றி நின்று, வந்திருக்கும் ஒவ்வொரு குடும்பத்தின் பரம்பரைப் பட்டப்பெயரையும் வரிசை பிசகாமல் சொல்ல வேண்டும். காகிதம் பார்க்கக் கூடாது. ஒரு பெயர் விட்டுப்போனால் அந்தக் குடும்பத்தையே அவமதித்த மாதிரி.

"மாத்திரை தினமும் போடுறீங்களா ஐயா?" என்றார் டாக்டர்.

"போடுறேன்."

"பொய். சபை கூடுற நாள்ல தொடவே மாட்டாரு," என்றாள் மனைவி ஃபெதுவாவோ.

"அதைப் போட்டா அரைமணிக்கு ஒருதரம் ஒண்ணுக்கு வருதே! சபையில காவா பானக் கிண்ணம் சுத்தி வர்றப்போ தலைவன் எந்திரிச்சு ஓடினா சிரிக்க மாட்டானுங்களா?"

"இப்ப மட்டும் சிரிக்கலையாக்கும். போன வாரம் செருப்பை ஐஸ்பெட்டியில வச்சீங்க."

முன்பெல்லாம் சபை மாதத்தில் இரண்டு நாள். இப்போது ஊரில் சாவுகள் கூடி, வாரத்துக்கு மூன்று. தலைவரின் பங்காகப் பன்றி இறைச்சியும் உப்புக்கண்டமும் வீட்டுக்கு வரும். நடக்க விடாமல் வண்டியில் கொண்டுபோய் விடுவார்கள், அதுதான் மரியாதை.

"மூளையில சின்னச் சின்ன ரத்தக்குழாய் நிறைய அடைச்சிருக்கு. மாத்திரை, நடை, உப்புக் குறைவு, இதெல்லாம் இருந்தா ஞாபகம் மேற்கொண்டு போறதைத் தள்ளிப்போடலாம். போனது வர்றது கஷ்டம்," என்றார் டாக்டர்.

சனிக்கிழமை பக்கத்துத் தெருவில் பெரிய சாவு. அன்றும் அவர் மாத்திரை போடவில்லை.

எழுந்து நின்று ஐந்து பெயர்களைக் கணீரென்று சொன்னார். ஆறாவது வரவில்லை. கூட்டம் காத்திருந்தது. வரிசையில் ஆறாவதாக உட்கார்ந்திருந்தது ஃபெதுவாவோ பிறந்த குடும்பம். பெயரை எடுத்துக் கொடுத்தால் அவருக்குத்தான் அவமானம் என்று அவள் தலையைக் குனிந்துகொண்டாள். கடைசியில் செயுமானுவின் சித்தப்பா மகன் ஃபோனோதி எழுந்து, "அண்ணே, நான் முடிச்சுடுறேன்," என்று பேச்சை வாங்கிக்கொண்டார். அதற்குள் அவளுடைய அண்ணன், சாவு வீட்டுக்குச் சீராகக் கொண்டுவந்த பாயைச் சுருட்டிக்கொண்டு வெளியேறியிருந்தார்.

வீட்டுக்கு வந்ததும் செயுமானு கேட்டார்: "பாயோட போனாரே, அவரு யாரு?"

"என் அண்ணன்," என்றாள்.

திங்கட்கிழமை குடும்பம் கூடுகிறது. அடுத்த சாவிலிருந்து ஃபோனோதி பேசுவார்.