தண்டவாளம் பிரியும் இடம்

லாங் ஐலண்ட் தீவில் கப்பல் வந்து நிற்கிற ஜெட்டியில் தண்டவாளம் இரண்டாகப் பிரியும் இடத்தை அறுபதுகளில் போட்டவர் என் வீட்டுக்காரர். கலவைச் சட்டி சுமந்தவள் நான். மில்லில் அறுத்த மரம் டிராலியில் கப்பலடிக்குப் போக அந்த லைன்தான் வழி.

இராமநாதபுரம் பக்கம் இருந்த ஒரே குச்சு வீட்டையும் விற்றுவிட்டுத்தான் நாங்கள் கப்பலேறியிருந்தோம். அடுத்த கப்பலுக்குள் லைன் ஓடாவிட்டால் அதே கப்பலில் எங்கள் கேங்கையே திருப்பி மெயின்லாண்டுக்கு, மெட்ராஸுக்கு, ஏற்றிவிடுவேன் என்று காண்ட்ராக்டர் சொல்லியிருந்தார். சொன்னால் செய்கிற மனுஷன்.

என் வீட்டுக்காரர் வேலை சுத்தம், அதைக் குறை சொல்ல மாட்டேன். நூல் பிடித்து, ஆணியடித்து, சுண்ணாம்புக் கோடு போட்டு, கன்னத்தை இரும்போடு ஒட்டிப் படுத்துப் பார்ப்பார். துளி விலகியிருந்தாலும் எல்லாவற்றையும் அவிழ்ப்பார். கப்பல் வரப்போகிறதே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஜெட்டியில் ஆள் நடக்க வேண்டும் என்பதால் தண்டவாளத்தைக் கான்கிரீட்டில் முங்கவைத்துத் தரையோடு மட்டமாகப் பூசுவார்கள். சக்கர விளிம்பு ஓட, ஓரமாகக் காடி என்று ஒரு நீளப் பள்ளம் மட்டும் விட வேண்டும். அந்த இடத்தில் மரச்சட்டம் வைத்துக் கான்கிரீட் போட்டு, இறுகியதும் உருவிவிடுவோம். நேர் லைனுக்கு மில்லில் கழித்த பச்சை மரத்தைத்தான் வைத்தோம். அது காயக் காயச் சுருங்கி, தொட்டதும் வந்தது. பிரியும் இடத்துக்கு மட்டும் உசத்தி மரமாக வேண்டும் என்று இவருக்கு என்ன ஆசையோ! ஷெட்டில் வருஷக்கணக்காகக் காய்ந்த படாக் மரத்தை மில்காரரிடம் கெஞ்சி வாங்கி, இழைத்து வைத்தார்.

அங்கே கான்கிரீட் போட்ட அன்று பிடித்த மழை விடவேயில்லை. காய்ந்த மரம் தண்ணீரைக் குடித்து உப்பி, காடிக்குள் இறுகிக்கொண்டது. கடப்பாரைக்கும் மசியவில்லை. டிராலியை இந்த லைனுக்கும் அந்த லைனுக்கும் திருப்புகிற இரும்பு நாக்கு, காடி அடைத்துக் கிடந்ததால் அசையவே இல்லை. உளி வைத்துக் கொத்தினோம். மரம் சிம்பு சிம்பாக வந்தது, கூடவே கான்கிரீட் ஓரமும் பாளம் பாளமாகப் பெயர்ந்தது. பச்சை மரம் போதாதா உங்களுக்கு, குடியைக் கெடுத்தீர்களே என்று எல்லார் முன்னாலும் கத்தினேன். அவர் பாட்டுக்குக் குனிந்து பெயர்ந்த சில்லுகளைப் பொறுக்கினார்.

பெயர்ந்த இடத்தைப் பூசினோம். அது இறுகுவதற்குள் கப்பல் வந்துவிட்டது. முதல் டிராலியைத் தள்ளினார்கள். பிரியும் இடத்தில் பூச்சு நொறுங்கி, சக்கரம் இறங்கி, மரமெல்லாம் ஜெட்டியில் சரிந்தது. ஓவர்சியர், "பந்த் கரோ" என்று நிறுத்தச் சொன்னார். காண்ட்ராக்டர் சத்தம்கூடப் போடவில்லை.

"லோடு ஏறினதும் நீங்களும் ஏறிக்கிடுங்க" என்றார்.

லைன் ஓடவில்லையே, லோடு எப்படி ஏறும்? நாங்கள்தான் சுமந்தோம். எங்களைத் திருப்பி அனுப்பப் போகிற கப்பலுக்கு, அத்தனை மரத்தையும் தோளிலும் தலையிலும் வைத்து ஏற்றினோம். நானும் சும்மாடு கட்டிக்கொண்டு சுமந்தேன். அதன் பிறகு டிரங்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஏறினோம்.

கப்பல் நகர்ந்ததும் இன்னும் நாலு வார்த்தை கேட்கலாம் என்றுதான் அவர் பக்கம் திரும்பினேன். சட்டை தோளில் கிழிந்து, தோல் உரிந்து ரத்தம் கசிந்திருந்தது. தோளைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்துக் கேட்டார்.

"மெட்ராஸ்ல எறங்கி எங்கிட்டுப் போறது?"

சும்மாட்டுத் துணியைப் பிரித்து அவர் தோளில் வைத்தேன்.