வாழையடியில் கிம்ச்சி ஜாடி

“உனுக்கே இந்த ஊரு புச்சு. நீ இன்னாத்த அந்தம்மாவுக்கு ஊரு காட்டப்போற?” என்று வீட்டுக்கார அக்கா முதல் நாளே கேட்டுவிட்டார்.

கேட்டதில் தப்பில்லை. சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து நான் வந்து சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. இருங்காட்டுக்கோட்டையில், என்னைப்போல் வேலைக்கு வந்த பெண்களோடு ஒரு வாடகை அறையில் தங்கியிருந்தேன். எந்தப் பஸ் எங்கே நிற்கும் என்பதே எனக்குப் பாதிதான் தெரியும். ஆனாலும் எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவள் நான். பி.ஏ. ஆங்கிலம் முடித்தவள். “பாத்துக்கிடுதேன்க்கா” என்று சொல்லிவிட்டுத் தலை நிமிர்ந்தே மாடி ஏறினேன்.

மாடியில் குடிவந்திருந்தவர் ஒரு கொரிய இஞ்சினியரின் மனைவி. கார் உதிரிபாகம் செய்யும் எங்கள் கம்பெனிக்காக வந்திருந்த மற்றக் கொரியக் குடும்பங்கள் சென்னையில் இருந்தன. தினமும் நெடுஞ்சாலையில் போய்வரப் பிடிக்காமல் இந்த இஞ்சினியர் மட்டும் ஸ்ரீபெரும்புதூர் ஓரத்திலேயே வீடு பார்த்தார். வீட்டுக்கார அக்காவுடையது தொழிற்சாலைக்கு நிலம் கொடுத்த விவசாயக் குடும்பம். வந்த பணத்தில் மாடி எடுத்திருந்தார்கள். மேடத்துக்குக் கடை, பஸ், டாக்டர் எல்லாம் பழக்கிவிடுவது என் வேலை. மாதக் கடைசிக்கு அவர் ஊர் திரும்ப டிக்கெட் தயாராக இருந்தது. அதற்குள் இங்கே பிடித்துப்போனால் இருப்பார், இல்லையென்றால் கிளம்புவார். அவர் கிளம்பினால் என் வேலையும் கிளம்பிவிடும் என்று அலுவலகத்தில் முதலிலேயே சொல்லித்தான் எடுத்தார்கள்.

எங்கள் இருவருக்கும் தெரிந்த ஆங்கிலத்தை ஒரு கைக்குட்டையில் முடிந்துவிடலாம். பி.ஏ.வில் படித்த பாடம் எதுவும் கொசுவலை வாங்க உதவவில்லை. கையால் வலை விரித்து, கொசு மாதிரி ரீங்காரம் போட்டுக் காட்டினேன். மேடம் உடனே பர்ஸை எடுத்துக்கொண்டார். சுங்குவார்சத்திரம் போக ஏறிய பஸ் நிற்காமல் காஞ்சிபுரத்தில் கொண்டுபோய் விட்டபோதும் அவர் கோபப்படவில்லை. ஆளுக்கொரு கரும்புச்சாறு குடித்துவிட்டுத் திரும்பினோம்.

சோறு அவருக்கும் சோறுதான். ஆனால் பக்கத்தில் கிம்ச்சி இல்லாமல் அது இறங்கவில்லை. கோஸை உப்பில் ஊறவைத்து, மிளகாய்த்தூளும் இஞ்சியும் பூண்டும் தடவி ஜாடியில் அடைத்துப் புளிக்கவைப்பது அது. நம் ஊர் வெயிலில் ஒரே நாளில் பொங்கிப் புளித்துவிடும். ஃபிரிட்ஜை நம்பலாம் என்றால் கரண்ட்டை நம்ப முடியாது. முதல் ஜாடியைக் கொட்டிய அன்று மேடம் பெட்டியை இழுத்து வைத்துத் துணிகளை மடிக்கத் தொடங்கினார். டிக்கெட் தேதிக்கு இன்னும் எத்தனை நாள் என்று நான் எண்ணிப் பார்த்தேன்.

இரண்டாவது ஜாடியை மாடிப்படி நிழலில் வைத்துவிட்டுக் கடைக்குப் போயிருந்தோம். திரும்பி வாசலில் கால் வைக்கும்போது மேலே ‘டப்’ என்று ஒரு சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால் மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரில், நல்ல வெயிலில், மூடி எகிறிய ஜாடி நுரைத்துக்கொண்டிருந்தது. கொடியில் காய்ந்த வெள்ளை வேட்டி முழுக்கச் சிவப்பு. வீட்டுக்கார அக்கா அசையாமல் நின்றார்.

“ஊறுகாய நெழல்ல வெச்சிகினு போய்ட்டாளே, பூஞ்சை புடிச்சிடுமேன்னு நான்தான் எட்த்து வெயில்ல வெச்சேன். மூடியக்கூட நல்லா இறுக்கித்தான் வெச்சேன்.”

அதை எப்படி ஆங்கிலத்தில் சொல்வது என்று யோசிப்பதற்குள் மேடத்துக்கே எல்லாம் புரிந்துவிட்டது. வேட்டியைப் பார்த்தார், சூரியனைப் பார்த்தார், அப்படியே தரையில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தார். வந்த நாளிலிருந்து அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

“எங்கூட்டுக்காரரு வேட்டியப் பாத்து சிரிக்கிறா பாரு,” என்று சொல்லிக்கொண்டே அக்காவும் உட்கார்ந்துவிட்டார்.

சிரித்துச் சிரித்து விக்கல் வந்த மேடத்தைத் தண்ணீர் குடிக்கக் கீழே கூட்டிப்போனார் அக்கா. சமையலறை மூலையில், ஈர மணலின் மேல் தண்ணீர்ப் பானை. குடித்த மேடம் சொம்பைக் கீழே வைக்கவில்லை. பானையின் வயிற்றைத் தொட்டார், மணலுக்குள் விரலை விட்டார். பிறகு அந்த மணலிலேயே ஒரு கோடு இழுத்து, கோட்டுக்குக் கீழே ஒரு ஜாடியை வரைந்தார். “மை மதர்,” என்றார்.

“அக்கா, இவங்க ஊர்ல ஜாடிய மண்ணுக்குள்ள பொதச்சு வைப்பாங்களாம்.”

“அடிப்பாவி, அத மின்னாடியே சொல்லக்கூடாதா? எடமா இல்ல நம்மகிட்ட?”

குளிக்கிற தண்ணீர் ஓடும் வாழையடியில் அன்று சாயங்காலமே அக்கா குழி வெட்டினார். மணல் கொட்டி, தன் வீட்டுப் பீங்கான் ஊறுகாய் ஜாடியையே இறக்கினார். காலையும் மாலையும் சுற்றித் தண்ணீர் தெளிப்பது என் பொறுப்பு. கிம்ச்சி மூன்று நான்கு நாள் பக்குவமாக நின்றது. அதற்குள் தீர்ந்தும்விட்டது, ஏனென்றால் அக்காவும் கிண்ணத்தோடு வர ஆரம்பித்திருந்தார். “கொஞ்சம் கடுகு தாளிச்சா இன்னும் தூக்கலா இருக்கும்,” என்று ஒவ்வொரு முறையும் சொல்வார். மேடம் ஒவ்வொரு முறையும் இரண்டு கைகளையும் ஆட்டி மறுப்பார்.

டிக்கெட் தேதி அன்று நாங்கள் சுங்குவார்சத்திரத்தில் கோஸ் வாங்கிக்கொண்டிருந்தோம். மேடம் ஒவ்வொன்றாகத் தூக்கிக் கனம் பார்த்தார். காய்க்காரர் சொன்ன விலையைக் கேட்டு, அக்காவிடம் கற்ற தமிழில், “அநியாயம்பா,” என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது, அவரைப் பற்றியும் என்னைப் பற்றியும்.

அடுத்த வாரம் அலுவலகத்தில் என்னைக் கூப்பிட்டார்கள். சென்னையிலிருந்து மூன்று கொரியக் குடும்பங்கள் இந்தப் பக்கமே வரப்போகின்றன, எல்லோரையும் நானே பார்த்துக்கொள்ள முடியுமா என்று கேட்டார்கள். சரி என்று சொல்லிவிட்டு வந்து, நாலு நாள் கழித்து ஒரு சாயங்காலம்தான் அக்காவிடம் சொன்னேன்.

“மூணு வூடா? வூடு பாக்கணும், ஜாடிக்குச் சொல்லணும், மணலு வேற...” என்று விரல் விட்டு எண்ண ஆரம்பித்தார்.

“வீடு பாத்தாச்சுக்கா. ஜாடி காஞ்சிபுரத்துல சொல்லியாச்சு. மணல மத்தியானமே எறக்கிட்டேன், வெளிய வந்து பாருங்க.”