அலரிப் பூ மணவறை

சித்தியின் கலியாணத்துக்கு மணவறை சோடிக்க, சிலாபத்துப் பூக்கடையில் ஒப்பந்தம் எழுதினார்கள். இரண்டு பக்கம், முழுக்கச் சிங்களம். அப்பா ஃபோனில் ஒரு மணவறைப் படத்தைக் காட்டி, கையெழுத்தும் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகுதான் அதை வாசிக்க வேண்டும் என்று எங்கள் ஆட்களுக்குத் தோன்றியது. அப்பா சிங்களத்தை வெளுத்துக் கட்டுவார், எழுத்துத்தான் தெரியாது. ஆறாம் வகுப்பில் சிங்களத்துக்கு நல்ல புள்ளி வாங்கியிருந்த என்னைக் கதிரையில் உட்கார வைத்தார்கள். எனக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை.

ஒவ்வொரு வரியையும் ஒரு சட்டத்தரணியின் மிடுக்கோடு தமிழில் விளக்கினேன். வாழை கட்டுவது அவர்கள் பொறுப்பு, ஏணி கொடுப்பது நாங்கள். அடுத்து மணவறைக்கு ‘அரலிய’ என்றிருந்தது. பிரதமரின் மாளிகைக்குச் சிங்களத்தில் சொல்லும் ‘அரலியகஹ மந்திரய’ என்பதைத் தமிழ்ச் செய்தியில் அலரி மாளிகை என்றுதானே வாசிக்கிறார்கள்? கொஞ்சமும் யோசிக்காமல், “மணவறை முழுக்க அலரிப் பூ” என்றேன்.

அலரி என்பது அரளி; அதன் கொட்டை நஞ்சு. எங்கள் வீட்டில் அந்தப் பெயரையே எடுக்க மாட்டார்கள். “நல்ல காரியத்துக்கு அலரியா? கையெழுத்தும் வச்சாச்சே!” என்று அம்மா தலையில் கைவைத்துக்கொண்டாள்.

மாப்பிள்ளை பார்த்தது, நாள் குறித்தது எல்லாமே அம்மாவும் அப்பாவும்தான். சித்தியிடம் யாரும் எதுவும் கேட்டதாக எனக்கு நினைவில்லை. அதுவரை வாயே திறக்காமல் இருந்த சித்தி அன்றுதான் பேசினாள்.

“தொடக்கமே சரியில்லக்கா. எனக்கு இந்தக் கலியாணம் வேணாம். நிப்பாட்டுங்க.”

சகுனம் என்றால் அம்மா இளகிவிடுவாள். மாப்பிள்ளை வீட்டாரோடு கதைத்துப் பார்க்கலாம் என்று அவளே சொன்னாள். முதலில் ஒப்பந்தத்தை முறிப்பது என்று முடிவாயிற்று.

மறுநாள் அப்பாவோடு நானும் எங்கள் ஊரான உடப்பிலிருந்து சிலாபத்துக்கு பஸ் ஏறினேன். என் வாயால் ஒரு கலியாணம் நிற்பது பயமாக இருந்தது. அப்பா கதையைத் தொடங்குமுன், ‘அரலிய’ என்றால் எந்தப் பூ என்று கடைக்கார அம்மாவிடம் சிங்களத்தில் கேட்டுவிட்டேன். மேசையில் தண்ணீர்த் தட்டில் மிதந்த பூவைக் காட்டினார். நடுவில் மஞ்சள் தொட்ட வெள்ளைப் பூ. அலரியே இல்லை; முன்னேஸ்வரம் கோயிலுக்குப் போகும் வழியெல்லாம் நிற்கிற மரத்துப் பூதான்.

அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். “இதையா அலரி எண்டு சொன்ன? அரலிய எண்டே சொல்லியிருந்தா எனக்கு விளங்கியிருக்குமே!” திரும்பும்போது பஸ்ஸில் அறிந்தவர் அறியாதவர் எல்லோருக்கும் இந்தக் கதையைச் சொன்னார். வெட்கமாக இருந்தாலும், கலியாணத்தைக் காப்பாற்றியது நான்தான் என்ற நினைப்பில் மிதந்தேன்.

கடைக்கார அம்மா தந்த பூவோடு சித்தியின் அறைக்குள் ஓடினேன். “சித்தி, அலரி இல்ல, இதுதான்! கலியாணம் நிக்காது!” பிழையாக வாசித்ததற்குக் குட்டு விழும் என்று தலையையும் குனிந்துகொண்டேன்.

குட்டு விழவில்லை. சித்தி பூவை வாங்கவும் இல்லை.

“பிழையா வாசிச்சது பரவாயில்ல. ஏன் போய்க் கேட்ட?” என்றாள்.

அவள் கண் ஏன் கலங்கியது என்று எனக்கு விளங்கவில்லை. சந்தேகம் வந்தால் கேட்டுத் தெளிய வேண்டும் என்று டீச்சர் சொல்லியிருக்கிறார் என்று, அவள் முன்னால் நின்று பெருமையாக விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தேன்.